55-இல் நின்றுவிடும் ஆக்டிவா: ரோலர் வாங்குவதற்கு முன்

கேள்வி இது: 2012 மாடல் ஆக்டிவா 110, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. மீட்டர் 38,000 காட்டுகிறது. சேலம் டவுனுக்குள் எவ்வளவு முறுக்கினாலும் 55-க்கு மேல் ஏறவில்லை. மனைவியைப் பின்னால் வைத்து ஏற்காடு ஏறினால் 15, 20 தான். மைலேஜ் 32. லைட் வெயிட் ரோலர் (பெல்ட் பெட்டிக்குள் கியரை மாற்றும் உருளை, எடை குறைந்தது), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகையைத் தடையில்லாமல் வெளியே விடுவது), பெரிய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைத் துண்டு) மூன்றையும் போட்டால் வண்டி பறக்கும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?

பறக்காது தம்பி. சத்தம்தான் பறக்கும். அந்தப் பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள்.

இந்த 109 சிசி எஞ்சின் புதிதில் கொடுப்பது சுமார் 8 குதிரைத்திறன். அது போதுமா என்று முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வண்டி 110 கிலோ, நீங்கள் இருவரும் சேர்ந்து 130 என்று வையுங்கள். 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் இந்த 240 கிலோவை மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற்ற, சக்கரத்தில் இரண்டரை முதல் மூன்று குதிரைத்திறன் வந்து சேர்ந்தாலே போதும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் 15 சதவீதம் அளவுக்குச் சக்தி இழக்கும். அதைக் கழித்தாலும் மீதி ஏறக்குறைய ஏழு இருக்கிறது. பெல்ட்டும் கியரும் தின்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்; அப்போதும் கொண்டை ஊசி வளைவு தவிர மற்ற இடங்களில் உங்கள் வண்டி 35-இல் ஏற வேண்டும். 15-இல் ஏறுகிறது என்றால் எஞ்சினில் பிறக்கும் சக்தியில் பாதிக்கு மேல் எங்கோ வழியில் ஒழுகுகிறது. இல்லை, பிறக்கவே இல்லை. ஓட்டைப் பானையில் பெரிய குழாய் வைத்து ஊற்றுவதுதான் நண்பர் சொல்லும் வைத்தியம்.

ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: குறை எஞ்சினிலா, பெல்ட் பக்கத்திலா, சக்கரத்திலா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் சாமான் மாற்றிக்கொண்டே போகிறவர்களை இருபது வருடமாகப் பட்டறையில் பார்த்துவிட்டேன். ஒருவர் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டு, நான்காவது தடவைக்கு என்னிடம் வந்தார். நான் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்று சுற்றி, முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்த வண்டி!

அதனால் சக்கரத்திலிருந்தே தொடங்குங்கள்; காசு செலவில்லாத வேலை. எஞ்சினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். கியரின் லேசான பிடிப்பு இருக்கும், அது இயல்பு. சரசரவென்ற உரசலோ, ஒரே இடத்தில் இறுகி இறுகி விடுவதோ இருக்கக்கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கி அதையும் சுற்றுங்கள். உங்கள் வண்டியில் கோம்பி பிரேக் இருந்தால் இடது லீவர் முன்னும் பின்னும் சேர்த்து இழுக்கும். பின் பிரேக்கை டைட் வைத்த யாரோ முன் கேபிளையும் சேர்த்து இறுக்கியிருந்தால் இரண்டு சக்கரமும் பிடித்துக்கொண்டே ஓடும். லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். பிரேக் ஆர்ம் திரும்பும் கேம் ஷாஃப்ட் துருப்பிடித்திருந்தால் லீவரை விட்ட பிறகும் ஷூ திரும்பி வராது. டிரம்மைக் கழற்றித் துடைத்து, கேமில் மட்டும் சொட்டுக் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து இரண்டு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். பிரேக்கே அதிகம் பிடிக்காத ரோட்டில் ஓட்டியும் கை வைக்க முடியாத சூடு என்றால் உங்கள் மைலேஜ் அங்கேதான் எரிகிறது.

டயர் காற்று முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 29, இருவர் என்றால் 36. பஞ்சர் கடைப் பையன் கேட்காமலேயே இரண்டிலும் முப்பது அடித்துவிடுவான், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்பீடோமீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒரு தடவை போனில் ஜிபிஎஸ் வைத்து நேரான ரோட்டில் ஓட்டிப் பார்த்து, உங்கள் 55 உண்மையில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒப்பிட அந்த எண் வேண்டும்.

சக்கரம் சரி என்றால் அடுத்தது காது. ஆளில்லாத நேரான ரோட்டில் முழுதாக முறுக்குங்கள். வண்டி 55-இல் நிற்கும்போது எஞ்சின் எப்படிக் கத்துகிறது? கீச்சென்று உச்சத்தில் அலறுகிறது, ஆனால் வண்டி போகவில்லை என்றால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில், அதாவது பெல்ட் பெட்டியில், குறை. அதற்கு மாறாக எஞ்சினே மூச்சுத் திணறி, கனமான குரலில் உறுமிக்கொண்டு மேலே ஏற மறுத்தால் காற்று, பெட்ரோல், கரண்ட், கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம்) நான்கில் ஒன்று. பட்டறைக்குப் போகும் முன் இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம். "பிக்கப் இல்லண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் கைக்கு எட்டுவதைத்தான் கழற்றுவார்.

மீட்டர் 38,000 என்கிறீர்கள். செகண்ட்ஹேண்ட் வண்டியில் அது மெய்யா என்பது வேறு விஷயம். என் சந்தேகம் பெல்ட் பெட்டி மேல்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் நண்பரின் ரோலர் கதையும் தானாகவே விளங்கிவிடும்.

ஸ்கூட்டரின் இடது பக்க நீளமான கவருக்குள் இரண்டு புல்லி. முன்னால் இருப்பது எஞ்சினோடு சுற்றுவது, அதைத்தான் வேரியேட்டர் என்கிறோம். பின்னால் இருப்பது கிளட்ச்சோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரு வி வடிவப் பெல்ட் இணைக்கிறது. ஒவ்வொரு புல்லியும் முகத்தோடு முகம் வைத்த இரண்டு தட்டு. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிவிளிம்புக்கு ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். முன் புல்லிக்குள் ஆறு ரோலர் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடக் கூட அவை வெளிப்பக்கம் வீசப்பட்டு, சரிவான தடத்தில் ஏறி, தட்டைத் தள்ளுகின்றன. முன்னால் பெல்ட் வெளியே ஏறும். நீளம் மாறாத பெல்ட் என்பதால் பின்னால் அது உள்ளே இறங்கும். கியர் சைக்கிளின் பெடல் பக்கத்தில் சின்னப் பல் சக்கரத்திலிருந்து பெரியதற்கு மாறுவது போல, கியர் தானாக மாறிக்கொண்டே போகிறது. பின் புல்லியில் ஒரு கனத்த ஸ்பிரிங் இதை எதிர்த்துத் தள்ளுகிறது. இந்த இரண்டு பேரின் தள்ளுமுள்ளுதான் உங்கள் வண்டியின் கியர்.

இப்போது தேய்மானத்தைப் பாருங்கள். பெல்ட் ஓட ஓடப் பக்கவாட்டில் தேய்ந்து அகலம் குறையும். குறுகிய பெல்ட், தட்டுகள் முழுதாக நெருங்கிய பிறகும், முன் புல்லியின் விளிம்பு வரை ஏறாது. அதாவது வண்டிக்குக் கடைசி கியரே கிடைக்காது. எஞ்சின் அலறும், வண்டி 60-க்குள் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் தேய்மானமே ஓட்டும்போது தெரியும். 24,000 கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றிவிடுவது வழக்கம். உங்கள் வண்டியில் முதல் ஓனர் மாற்றியதாகப் பில் ஏதும் இல்லையென்றால், இன்னும் அதே பெல்ட்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் உள்பக்கப் பற்களுக்கு நடுவே மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்தாலோ அளக்கவே வேண்டாம்.

ரோலர் விஷயம் இன்னும் வேடிக்கை. உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர், ஒரே இடத்தில் உரசி உரசி ஒரு பக்கம் தட்டையாகிவிடும். தட்டையான ரோலர் உருளாது. சறுக்கும், சில நேரம் சிக்கும். 40-இல் ஒரு சின்னத் தயக்கம், பிறகு திடீரென்று ஒரு தள்ளு, 60-க்கு மேல் ஒன்றுமில்லை என்றால் அதுதான். கையில் எடுத்து மேசையில் உருட்டினால் டக் டக் என்று குதிக்கும். ரோலர் போகும் தடத்திலும், தட்டை நேராகப் பிடித்திருக்கும் மூன்று சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளிலும் தேய்மானம் பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் துண்டு உடைந்தால்தான் ஐடிலிங்கில் கடகடவென்று சத்தம் வரும். பலர் அதை எஞ்சின் சத்தம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அங்கே கிரீஸ் அள்ளிப் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். கிரீஸ் வெளியே வீசப்பட்டுப் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும்.

மலை ஏற்றத்துக்கு முக்கியமானது பின் புல்லி. அதைத்தான் யாரும் திறப்பதில்லை. அந்தப் புல்லியின் நடுக்குழலில் சாய்வாக வெட்டிய காடிகளும், அவற்றில் ஓடும் சின்ன இரும்பு முளைகளும் இருக்கின்றன. ஏற்றத்தில் சுமை கூடியதும் இந்தச் சாய்வுக் காடி பின் தட்டுகளை நெருக்கி, பெல்ட்டை வெளியே ஏற்றி, வண்டியைத் தாழ்ந்த கியருக்குக் கொண்டுவரும். காரில் நாம் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவோமே, அதே வேலை. உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து கெட்டியாகி, அந்த முளைகள் சிக்கிக்கொண்டால் வண்டி மேல் கியரிலேயே மலை ஏறப் பார்க்கும். சமதளத்தில் சுமாராக ஓடி, ஏற்காடு அடிவாரம் தாண்டியதும் உயிர் போகும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம். கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சம் வைத்து, ஓ ரிங்கையும் சீலையும் மாற்றி மாட்ட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும். சுருக்கி வைத்த ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அடிக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஷர் இல்லாமல் வீட்டில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

கிளட்ச் பற்றிச் சுருக்கமாக: கிளம்பும்போது வண்டி அதிர்ந்தால் ஷூ பளபளப்பாகிவிட்டது, லேசாக எமரி போட்டால் கொஞ்ச நாள் ஓடும். டிரம் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஷூ மேல் எண்ணெய் ஈரம் தெரிந்தால் கியர் பெட்டி சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றுவது வீண்.

பெல்ட் மாற்றக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயம் பாருங்கள். முன் புல்லியின் காற்றாடி இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவர் செருகி நட்டைக் கழற்றுவார்கள். இறக்கை உடைந்தால் பெட்டிக்குள் குளிர்காற்று குறையும், புதுப் பெல்ட்டும் சீக்கிரம் போகும். ஹோல்டர் டூல் கேளுங்கள். அடுத்தது, பெல்ட் மேல் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய தப்பு நடக்கும் இடம். மாட்டும்போது பின் புல்லியைக் கையால் விரித்துப் பெல்ட்டை ஆழமாக உள்ளே தள்ளி, முன்னால் பெல்ட் தளர்வாக இருக்கும்போதுதான் நட்டை முடுக்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட் தட்டுகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு நிற்க, நட்டு அந்தப் பெல்ட்டை எதிர்த்து இறுகும். மாட்டியவருக்கு டைட் ஆகிவிட்டது போலத் தெரியும். நாலு நாள் ஓடிப் பெல்ட் அமர்ந்ததும் நட்டு தளர்ந்து, கிராங்க் ஷாஃப்டின் பற்களையே தின்றுவிடும். எண்ணூறு ரூபாய் வேலைக்குப் போய், கிராங்க் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தந்திரம். பெல்ட் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். முன் புல்லித் தட்டைச் சுத்தமாகத் துடைத்து, நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கவரை மாட்டி, முழு வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பெல்ட் பட்ட இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பில் அரை விரல் அகலத்துக்கு மை மிச்சமிருந்தால் உங்கள் கடைசி கியர் அங்கே தூங்குகிறது. புதுப் பெல்ட் போட்ட பிறகும் இதையே செய்து ஒப்பிடுங்கள். கவர் இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்து எட்டிப் பார்க்கும் ஆர்வம் மட்டும் வேண்டாம். லுங்கியோ விரலோ அந்தப் பெல்ட்டுக்கு ஒன்றுதான்.

சரி, காது சொன்னது வேறு, எஞ்சினே திணறுகிறது என்றால்?

ஏர் ஃபில்டர் முதலில். இந்த வண்டிகளில் வருவது எண்ணெய்ப் பசை தடவிய காகித ஃபில்டர். அந்தப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. காற்றடித்தோ பெட்ரோலில் அலசியோ சுத்தம் செய்தால் பசை போய், தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். சுத்தம் செய்யும் சாமான் அல்ல அது; 16,000 கிலோமீட்டரில், மண் ரோட்டில் ஓடினால் அதற்கும் முன்னால், மாற்றும் சாமான். பெட்டியைத் திறந்தால் ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறதா? யாரோ அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். டிரெயின் செய்து ஊற்ற 700 மில்லி போதும், 10டபிள்யூ 30 தர ஆயில். பைக் ஆயில் பாட்டிலை முழுதாகக் கவிழ்த்தால் மிச்சம் மூச்சுக் குழாய் வழியே ஃபில்டருக்குத்தான் வரும். பல நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடும், சைலன்சர் வாயில் குளவி மண்ணும் இருக்கலாம். சிரிக்காதீர்கள், இரண்டையும் எடுத்திருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஃபில்டர் அடைப்பு. உங்கள் 32 மைலேஜுக்குப் பொருந்தும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறது. ஈரமாக எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். பிளக் விலை குறைவு, சந்தேகம் இருந்தால் புதிது போட்டுவிடுங்கள்.

பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு இழுக்காமல் போய், நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியைத் திறந்து ஒரு தடவை மூடிப் பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டி சரியானால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது, ஊசி போதும். அது இல்லையென்றால் குறை ஆட்டோ காக்கில், அதாவது எஞ்சின் உறிஞ்சலில் தானாகத் திறந்து பெட்ரோல் விடும் வால்வில். அதிலுள்ள ரப்பர் கிழிந்தால் பெட்ரோல் போதுமான அளவு வராது. சில நேரம் அந்த உறிஞ்சல் குழாய் வழியாகவே பெட்ரோல் எஞ்சினுக்குள் போய், வண்டி கருப்பாகப் புகையும்.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் மேல் மூடியின் கீழே உள்ள மெல்லிய ரப்பர் டயாஃப்ரமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் துளை விழுந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்லைடு முழுதாக எழாது. அடியில் நன்றாக இழுக்கும், மேலே போகாது. உங்கள் நோயின் அதே அடையாளம்தான், ஆனால் எஞ்சின் குரல் மட்டும் தாழ்வாக இருக்கும். ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்த வேண்டாம்; துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளின் ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் பழைய வண்டியில் பெட்ரோல் டியூப், ஃப்ளோட் கிண்ணத்து ஓ ரிங் இரண்டையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுவேன். மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைப்பதும் முன்னைவிட இப்போது ஆபத்து.

டேப்பட், அதாவது வால்வுக்கு மேல் விடும் சின்ன இடைவெளியை வைக்கும் திருகு, பற்றி என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். தொழில் கற்ற புதிதில் ஒரு பெரியவர் "எஞ்சின் கிடுகிடுன்னு சத்தம் போடுது" என்று வந்தார். சத்தம் சுத்தமாகப் போகும்வரை டேப்பட்டை இறுக்கி, பெருமையாக அனுப்பி வைத்தேன். மூன்று மாதத்தில் வண்டி தள்ளிக்கொண்டு வந்தது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போய். இடைவெளி இல்லாத வால்வு சூட்டில் நீண்டதும் முழுதாக மூடாது. கம்ப்ரஷன் ஒழுகும், வால்வும் சூட்டை எஞ்சின் தலைப்பகுதிக்குக் கடத்த வழியின்றி எரியும். வால்வு தானும் ஓட ஓட உட்கார்ந்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வரும். ஆகவே சத்தம் போடும் டேப்பட்டைவிடச் சத்தமே போடாத டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். காதால் டேப்பட் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். அதன் பிறகும் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு.

இத்தோடு எஞ்சினைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ஸ்கூட்டர் எஞ்சினுக்குப் பைக் மாதிரி நேர்க்காற்று கிடையாது. வலது பக்கக் காற்றாடி அடிக்கும் காற்றுதான். தலைப்பகுதி இறகுகளில் சேறும் சருகும் அடைத்தால் மலையில் பாதி வழியில் எஞ்சின் சூடேறிச் சோர்ந்துவிடும்.

இப்போது நண்பரின் பட்டியலுக்கு வருகிறேன்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்: இந்த அளவு எஞ்சினுக்கு அடி இழுவை குறையும், மலைக்கு நேர் எதிர். வண்டியின் அமைப்பை ஆர்சியில் உள்ளதிலிருந்து மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும். சத்தத்துக்கு அபராதம் தனி. விட்டுவிடுங்கள்.

மெயின் ஜெட்: பிளக் வெளுத்திருக்கிறது, காற்றுக் கசிவு எங்கும் இல்லை என்று உறுதியான பிறகு ஒரே ஒரு அளவு மேலே போகலாம். உங்கள் பிளக் கரியாக இருந்தால், பெரிய ஜெட் போட்டு ஏற்காடு ஏறுவது மைலேஜை 25-க்கு இறக்கும் வழி. மேலே காற்று மெலியும்போது கலவை தானாகவே பெட்ரோல் பக்கம் சாயும், நீங்கள் வேறு கூட்டிக் கொடுக்கிறீர்கள்.

லைட் வெயிட் ரோலர்: மூன்றில் இது ஒன்றுதான் பேசத் தகுந்தது. எடை குறைந்த ரோலரை வெளியே வீச எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் வண்டி தாழ்ந்த கியரில் கூடுதல் நேரம் நிற்கும். சிக்னலில் இருந்து கிளம்புவதும் ஏற்றமும் சுறுசுறுப்பாகும், பெட்ரோலும் சத்தமும் கூடும். புதுக் குதிரை ஒன்றும் பிறப்பதில்லை. அளவுக்கு மீறிக் குறைத்தால் ஸ்பிரிங்கை வென்று கடைசி வரை ஏற ரோலருக்குத் தெம்பு இருக்காது, உச்ச வேகம் விழும். உங்கள் தட்டையான பழைய ரோலரைக் கழற்றிவிட்டு லைட் ரோலர் போட்டால் உடனே பெரிய வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அது எடை குறைந்ததால் வந்தது அல்ல, உருண்டையாக இருப்பதால் வந்தது! கம்பெனி எடையிலேயே புது ரோலர் போட்டிருந்தாலும் அதே மாற்றம் வந்திருக்கும்.

ஆகவே உங்களுக்கு என் வரிசை: இந்த ஞாயிற்றுக்கிழமை பிரேக், காற்று, பிளக், ஃபில்டர், டேங்க் மூடி. ஓட்டிப் பாருங்கள். அடுத்து பெல்ட் பெட்டியைத் திறந்து பெல்ட், கம்பெனி எடை ரோலர் ஒரு செட், பிளாஸ்டிக் துண்டுகள், பின் புல்லி சர்வீஸ், கியர் ஆயில். அதே நாளில் டேப்பட்டையும் வைத்துவிடலாம். கார்புரேட்டர் கடைசி. ஒவ்வொரு வேலைக்கும் நடுவே ஒரே ரோட்டில், ஒரே சுமையோடு, நின்ற இடத்திலிருந்து 40 வரை எத்தனை நொடி என்று போனில் பார்த்து எழுதுங்கள். மைலேஜை டேங்க் நிரப்பி, 150 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பித்தான் கணக்கிட வேண்டும். பெட்ரோல் மீட்டர் முள்ளை வைத்து அல்ல. எல்லாம் சரியான இந்த மாடல் ஸ்பீடோமீட்டரில் 80-ஐத் தொடும், டவுனில் 40-க்கு மேல் கொடுக்கும்.

அதற்குப் பிறகும் வாரா வாரம் இருவராக ஏற்காடு போகிறவர் என்றால் ரோலர் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் மட்டும் குறைத்துப் பாருங்கள், நானே சரி என்பேன். ஆறையும் ஒரே எடையில், சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். டவுனுக்குள் ஓட்ட அது பிடிக்காமல் போகலாம். ஆகவே கழற்றிய கம்பெனி எடை ரோலர்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், ஒரு கவரில் போட்டு வீட்டில் வையுங்கள்.